பழைய மடிக்கணினியிலும் பாடத்தைப் பதிவு செய்யலாம்

கணினித் திரையில் கணக்கைப் போட்டுக் காட்டி, அதைக் குரலுடன் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்பும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர். ஆனால், பழைய மடிக்கணினியில் பெரிய பதிவு மென்பொருளைத் திறந்தாலே கணினி திணறுகிறது. இலவசமாகக் கிடைக்கும் சில மென்பொருள்களோ காணொளியின் மேல் தங்கள் முத்திரையைப் பதிக்கின்றன. சில, குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் பதிவு செய்ய விடுவதில்லை.

இதற்கு ஒரு மாற்று 'எஃப்எஃப்எம்பெக்'. 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. முத்திரையும் நேர வரம்பும் இல்லை. பொத்தான்களும் இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும்.

கட்டளையில் என்ன இருக்கும்?

எதை எடுப்பது, எப்படிச் சுருக்குவது, எங்கே சேமிப்பது ஆகிய மூன்றுதான். திரையை எடுக்க விண்டோசில் 'ஜிடிஐகிராப்', மெக் கணினியில் 'ஏவிஃபவுண்டேஷன்', லினக்சில் 'எக்ஸ்11கிராப்' என்று குறிப்பிட வேண்டும். ஒலிவாங்கியையும் சேர்த்துக் குறிப்பிடாவிட்டால் காணொளியில் குரல் இருக்காது.

பாடத்துக்கு விநாடிக்கு 15 படங்கள் போதும். சுருக்கும் வேகத்தை 'அல்ட்ராஃபாஸ்ட்' என வைத்தால் கணினிக்குச் சுமை குறையும். கோப்பு பெரிதாகும், அதைப் பிறகு இதே மென்பொருளைக் கொண்டு சுருக்கிக்கொள்ளலாம்.

எம்பி4 ஆகச் சேமிக்காமல் 'எம்கேவி' கோப்பாகச் சேமியுங்கள். எம்பி4 கோப்பைத் திறக்கத் தேவையான அட்டவணை வழக்கமாகப் பதிவின் முடிவில்தான் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் ஒரு மணி நேர உழைப்பும் வீண். எம்கேவியில் அதுவரை எழுதப்பட்டது பெரும்பாலும் தப்பிவிடும். பிறகு தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றலாம். பதிவை நிறுத்த, சாளரத்தை மூடாமல் 'கியூ' விசையை அழுத்துங்கள்.

நேரலைக்கு என்ன தேவை?

கோப்பின் பெயருக்குப் பதிலாக யூடியூப் தரும் முகவரியையும் ரகசியக் குறியீட்டையும் கொடுத்து, வடிவத்தை 'எஃப்எல்வி' என மாற்றினால் அதே திரை நேரலையாகும். இங்கே முக்கியம் பதிவேற்ற வேகம். பதிவிறக்க வேகம் அல்ல. விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.8 கிகாபைட் தரவு செலவாகும். கைப்பேசி இணையத்தைப் பயன்படுத்துவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

திரையில் தெரிவது எல்லாம் பதிவாகும்

ரகசியக் குறியீடு கட்டளையிலேயே இருப்பதால், கட்டளைச் சாளரம் திரையில் தெரிந்தால் அதுவும் ஒளிபரப்பாகிவிடும். அதைப் பார்த்தவர் உங்கள் ஒளிவழியில் தம் காணொளியை ஓடவிட முடியும். எனவே கட்டளையை இயக்குமுன் திரையின் எந்தப் பகுதியை எடுப்பது என அளவு கொடுத்துவிடுங்கள். குறியீடு வெளியே தெரிந்துவிட்டால், யூடியூப்பில் உடனே புதியது பெறுங்கள்.

வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்துங்கள். மாணவர் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை எண், பெற்றோரின் தொலைபேசி எண் உள்ள கோப்புகளை மூடுங்கள். ஒரு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்து, குரல் கேட்கிறதா, தேவையற்றது ஏதும் தெரிகிறதா எனப் பார்த்த பிறகு பாடத்தைத் தொடங்குங்கள்.