முகாமையாளருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டுமா?

பட்டறைக்கோ ஸ்டோருக்கோ முகாமையாளர் ஒருவரை நியமிக்கும்போது நமது முதலாளிமார் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: கைவேலையில் கெட்டிக்காரரான மூத்த பாஸைப் போடுவதா, அல்லது வேலை தெரியாவிட்டாலும் கணக்கு வழக்குப் பார்த்து ஆட்களைச் சமாளிக்கக்கூடிய ஒருவரைப் போடுவதா?

இதற்கு அமெரிக்காவின் கூகுள் நிறுவனத்தைச் சிலர் உதாரணம் காட்டுவர். 2002இல் அதன் ஸ்தாபகர்கள் பொறியியலாளர்களுக்கு மேலிருந்த முகாமையாளர்களையே நீக்கிப் பார்த்தார்கள். சில மாதங்களுக்கு மேல் அது நிலைக்கவில்லை. செலவுச் சிட்டை முதல் ஊழியர் சண்டை வரை எல்லாம் நேரே லாரி பேஜிடம் போய் நின்றன. பின்னர் 2009இல் அதே நிறுவனம் தன் முகாமையாளர்களை ஆராய்ந்து, சிறந்தவர்களிடம் காணப்பட்ட எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்தியது. ஊழியரைப் பயிற்றுவித்து வளர்ப்பது முதலிடம். தொழில்நுட்பத் திறமை எட்டாவது.

ஆகவே தொழில் தெரியத் தேவையில்லை என்பது அவசரத் தீர்ப்பு. கடைசியென்றாலும் அது எட்டுக்குள் இருக்கிறது. தவிர, அங்கே பொறியியலாளர்களுக்குத் தலைமை தாங்க வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே தொழில் படித்தவர். எல்லோரிடமும் உள்ள ஒன்று நல்லவரையும் சுமாரானவரையும் பிரித்துக் காட்டாதல்லவா?

நமது மாணிக்கக்கல் வியாபாரத்தைப் பார்த்தால் மறுபக்கம் விளங்கும். பால்போல மங்கிய கெவுடக் கற்களை ஒரு காலத்தில் பெறுமதியற்றவை என்று ஒதுக்கினோம். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து மலிவு விலைக்கு அவற்றை அள்ளிச் சென்று, உலையிலிட்டு நீலக்கற்களாக்கி விற்றார்கள். ஒட்சிசன் குறைந்த உலையில் மிகக் கடுமையாகச் சூடாக்கினால், பால்நிறத்துக்குக் காரணமான டைட்டேனியம் கல்லுக்குள் கரைந்து இரும்புடன் சேர, நீலம் பிறக்கிறது. பேரம் பேசுவதில் பேருவளை, இரத்தினபுரி வியாபாரிகள் எவருக்கும் சளைத்தவர்களல்லர். அவர்கள் இழந்தது பேச்சுத் திறமை இல்லாததாலல்ல, அந்த உலைக்குள் நடப்பது தெரியாததால்.

இன்று கல் சுடும் நிலையம் நடத்துபவர் தானே உலையை இயக்க வேண்டுமென்பதில்லை. பட்டை தீட்டும் சில்லில் கை வைக்கவும் வேண்டாம். ஆனால் எந்தக் கல்லில் உள்வெடிப்பு இருக்கிறது, தீட்டும்போது எத்தனை கரட் குறைவது நியாயம் என்பன தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால், உடைந்து வரும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பிழை கல்லிலா வேலைக்காரனிலா என்று அவரால் சொல்ல முடியாது. குற்றமற்றவனை ஏசுவார், கள்ளனைத் தட்டிக்கொடுப்பார். வேலையாட்கள் இதை ஒரு வாரத்தில் கண்டுகொள்வர். நல்லவன்தான் முதலில் விலகிப் போவான்.

மூத்த பாஸ் விடயத்தில் சிக்கல் வேறு. பையன் தடுமாறும்போது சொல்லிக் கொடுக்காமல், கல்லைப் பறித்துத் தானே தீட்டி முடிப்பார். அன்றைய வேலை நடக்கும்; பையன் பழகமாட்டான். எனவே அவரிடம் முதலில் இரண்டு பையன்களை ஆறு மாதம் ஒப்படைத்துப் பாருங்கள். படித்த பிள்ளையென்றால், அதிகாரம் எதுவும் கொடுக்காமல் மூன்று மாதம் கல் பிரிக்கும் மேசையில் உட்கார வையுங்கள்.

இன்னொன்று. சம்பளம் கூட்டிக் கொடுக்க வேறு வழி தெரியாமல்தான் நம்மில் பலர் பாஸுக்கு முகாமையாளர் பதவி கொடுக்கிறோம். பதவியில்லாமலே சம்பளத்தைக் கூட்டுங்கள். அது முகாமையாளரின் சம்பளத்தை விட அதிகமானாலும் பரவாயில்லை.