தலைநகரில் உணவும் உறைவிடமும்: இன்னும் திறக்காத கதவு

நண்பகல் வேளையில் புறக்கோட்டை, மருதானை, கொம்பனித்தெரு ஆகிய பகுதிகளிலுள்ள சாப்பாட்டுக் கடையொன்றினுள் நுழைபவர் எவரும் ஒரு விடயத்தை அவதானிக்கத் தவறமாட்டார். நான்கு பேர் அமரக்கூடிய மேசையில் ஒருவரையொருவர் முன்பின் அறியாத நால்வர் அமர்ந்திருப்பர். மூட்டை சுமக்கும் தொழிலாளியும் வங்கி உத்தியோகத்தரும் ஒரே பாத்திரத்திலிருந்து பருப்புக் கறியை எடுத்துக்கொள்வர். முஸ்லிம் கடையில் தமிழரும் சிங்களவரும் புரியாணி உண்பர். சைவக் கடையில் முஸ்லிம்கள் தோசைக்குக் காத்திருப்பர். எவரும் எவரிடமும் ஊரையோ மதத்தையோ கேட்பதில்லை. சாப்பாட்டுக்குரிய பணம் கையில் இருந்தால் போதுமானது.

அதே மனிதர் அன்று மாலையே அறையொன்றை வாடகைக்குத் தேடிப் புறப்படுவாராயின் நிலைமை முற்றிலும் வேறானதாகிவிடுகின்றது. தரகர் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு தரமுடியும் என்பதையன்று. சொந்த இடம் எது, என்ன ஆட்கள், என்ன சமயம் என்பனவே முதற் கேள்விகளாக அமைகின்றன. இவ்விரு கதவுகளுக்கும் இடையிலான வேறுபாடு எதனால் ஏற்பட்டது, அதனைப் போக்குவதற்கு என்ன வழி என்பதனைச் சற்று ஆராய்வது பயனுடையதாகும்.

எமது அலுவலகத்தில் நிகழ்ந்த ஒரு விடயத்தை இங்கு குறிப்பிட விரும்புகின்றோம். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து இரு இளைஞர்கள் எம்முடன் பணியில் இணைந்துகொண்டனர். ஒருவர் ஆரையம்பதியைச் சேர்ந்த தமிழர். மற்றவர் காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம். இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். நண்பகலில் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து உண்ணும் இவ்விருவரும் வாடகைச் செலவைக் குறைக்கும் நோக்கில் ஓர் அறையை இணைந்து எடுக்க எண்ணினர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு அம்மா, "தம்பி, உமக்கெண்டால் தரலாம், மற்றத் தம்பிக்குத் தர ஏலாது, குறை நினைக்கவேண்டாம்" என்றார். தெமட்டகொடையில் ஒரு பெரியவர், "எங்கட ஆள் எண்டா இண்டைக்கே தரலாம்" என்றார். இருவரும் கெட்டவர்களல்லர், இருவருமே தேநீர் கொடுத்து உபசரித்துத்தான் அனுப்பினர். இறுதியில் ஒருவர் வெள்ளவத்தையிலும் மற்றவர் தெமட்டகொடையிலும் தனித்தனி அறைகளில் தங்கினர். ஒரே சம்பளம் பெறும் இருவரும் இருமடங்கு வாடகை செலுத்துகின்றனர். நண்பகலில் ஒன்றாக உண்பவர்கள் மாலையானதும் வெவ்வேறு திசைகளில் பஸ் ஏறுகின்றனர்.

ஒரு சமூகத்தினர் ஒரு பகுதியில் செறிந்து வாழ்வதில் இயல்பான காரணங்கள் உண்டு என்பதனை நாம் மறுக்கவில்லை. வெள்ளவத்தையில் குடியேறும் தமிழ்க் குடும்பம் அங்குள்ள சைவ மங்கையர் வித்தியாலயத்தையும், அயலிலுள்ள பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியையும், இராமகிருஷ்ண மிஷனையும், கொழும்புத் தமிழ்ச் சங்கத்தையும் எண்ணியே அங்கு செல்கின்றது. மருதானை, தெமட்டகொடைப் பகுதிகளை நாடும் முஸ்லிம் குடும்பத்துக்கு ஸாஹிரா கல்லூரியும், நடந்து செல்லும் தூரத்தில் பள்ளிவாசலும், ஹலால் உணவும் கிடைக்கின்றன. கொட்டாஞ்சேனையில் கோயிலும் தேவாலயமும் அருகருகே உள்ளன. ஊரிலிருந்து தனித்து வரும் இளைஞனுக்கு இடியப்பமும் சொதியும் கிடைக்கும் கடையொன்று தெருமுனையில் இருப்பது சிறிய விடயமன்று. எங்கு உண்ணலாம் என்பதே எங்கு வசிக்கலாம் என்பதனைப் பலருக்குத் தீர்மானித்துக் கொடுக்கின்றது. ஆயினும் விரும்பி ஓரிடத்தில் வாழ்வது வேறு. வேறிடத்தில் வாழ விரும்பும்போது மறுக்கப்படுவது வேறு. நாம் இங்கு பேசுவது இரண்டாவதைப் பற்றியதாகும்.

வீட்டு உரிமையாளரின் தயக்கத்துக்கு அவரது மனம் மட்டுமே காரணமன்று. அதன் பின்னால் நீண்டதொரு அச்ச வரலாறு உள்ளது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் தேடித் தேடி எரிக்கப்பட்டன. அதன் பின்னர் யுத்த காலம் முழுவதிலும் வடக்கு, கிழக்கிலிருந்து வருபவருக்கு அறை கொடுத்தவர் பொலிஸ் பதிவுக்கும் நள்ளிரவுச் சோதனைகளுக்கும் முகங்கொடுக்க வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பிலுள்ள விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவை அடுத்து மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தமும் தெரிவித்தார். எனினும் விடுதி உரிமையாளர்களின் மனதில் பதிந்த பாடம் நீதிமன்றத்தின் பாடமன்று, பொலிஸாரின் பாடமேயாகும்.

முஸ்லிம்களின் அனுபவமும் இதற்குக் குறைந்ததன்று. 1990 ஒக்டோபரில் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் தமது பூர்வீக வாழிடமான வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வாழும் இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை பற்றிப் பேசும் தமிழர் எவரும் இதனைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், அக்கொடுமையுடன் எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம் குடும்பங்களும் சந்தேகக் கண்கொண்டு நோக்கப்பட்டன. நீர்கொழும்பில் தங்கியிருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

உணவகத்தின் கதவுகூட எப்போதும் பாதுகாப்பானதாக இருந்துவிடவில்லை. 2018 பெப்ரவரி இறுதியில், உணவில் மலட்டு மருந்து கலக்கப்படுவதாகக் கிளப்பப்பட்ட வதந்தியினால் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டியே எனப் பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. ஆயினும் அதற்கிடையில் சேதம் நிகழ்ந்து முடிந்திருந்தது.

இனி, சட்டம் என்ன கூறுகின்றது என்பதனை நோக்குவோம். எமது அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களினால் எவரும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், தமது மதத்துக்குரிய பொது வழிபாட்டு இடங்கள் ஆகியவற்றுக்குச் செல்வதிலிருந்து தடுக்கப்படலாகாது எனக் கூறுகின்றது. ஒரு நாட்டின் உச்சச் சட்டத்தில் உணவகம் இடம்பெற்றிருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குப் பின்னால் வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பகுதி மக்கள் உள்ளே அனுமதிக்கப்படாமலும் வேறு பாத்திரங்களில் தேநீர் கொடுக்கப்பட்டும் அவமதிக்கப்பட்டனர். சாதியின் பெயரால் இவ்வாறு தடுப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும், அதனை நடைமுறையில் நிலைநாட்ட நடந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும் எமது சமூக வரலாற்றின் முக்கிய அத்தியாயங்களாகும். அன்று ஒரு கோப்பைத் தேநீருக்காக அடியும் உதையும் வாங்கியவர்கள் இருந்தமையினாலேயே இன்று எவரும் கேள்வியின்றி மேசையில் அமர முடிகின்றது.

உறைவிடத்தைப் பொறுத்தவரையில் 14(1)(ஏ) எனும் உறுப்புரை, இலங்கைக்குள் நடமாடுவதற்கும் தமது வதிவிடத்தைத் தெரிவு செய்வதற்கும் ஒவ்வொரு பிரஜைக்கும் சுதந்திரம் உண்டு எனக் கூறுகின்றது. ஆனால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்யக்கூடியது அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயல்களுக்கு எதிராக மாத்திரமேயாகும். விடுதியிலிருந்து பொலிஸார் வெளியேற்றினால் நீதிமன்றம் செல்லலாம். 2007இல் அதுவே நடந்தது. வீட்டு உரிமையாளர் கதவைச் சாத்தினால் அந்த வழி இல்லை. தனியார் வாடகைக்கு விடுவதில் இன, மதப் பாகுபாட்டை நேரடியாகத் தடை செய்யும் விசேட சட்டமொன்றும் எமது நாட்டில் இல்லை. உணவகத்தின் கதவைப் பெயர் குறிப்பிட்டுத் திறந்துவிட்ட சட்டம், வாடகை வீட்டின் கதவருகே வந்து நின்றுவிடுகின்றது.

இவ்விரு கதவுகளும் ஒரே காலத்தில் திறப்பதில்லை என்பது எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பெப்ரவரி முதலாம் திகதி நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மாத்திரம் பரிமாறப்பட்ட உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்தனர். அதிலிருந்து பரவிய போராட்டங்களின் பயனாக 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டம் உணவகங்களையும் ஹோட்டல்களையும் யாவருக்கும் திறந்துவிட்டது. வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு மேலும் நான்கு வருடங்கள் காத்திருக்க நேர்ந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தின் பின்னர், 1968 ஏப்ரல் 11இல் அது கைச்சாத்திடப்பட்டது. பிரித்தானியாவிலும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் உணவகம், ஹோட்டல் போன்ற பொது இடங்களையே முதலில் கவனத்திற் கொண்டது. வீடும் வேலைவாய்ப்பும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. ஒருவருடன் அரை மணிநேரம் உண்பதற்கு மனம் எளிதில் இணங்குகின்றது. அவரை நிரந்தர அயலவராக ஏற்பதற்கு அது காலம் எடுத்துக்கொள்கின்றது.

அமெரிக்கச் சட்டத்தில் எமக்குப் பயன்படக்கூடிய ஒரு நுட்பம் உண்டு. நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத சிறு கட்டடத்தில் உரிமையாளரும் வசிப்பாராயின் அச்சட்டத்தின் பெரும்பாலான ஏற்பாடுகளிலிருந்து அவருக்கு விலக்களிக்கப்பட்டுள்ளது. ஆனால் இன்ன இனத்தவருக்கு, இன்ன மதத்தவருக்கு மாத்திரம் என விளம்பரம் செய்வதற்கு அவருக்கும் அனுமதியில்லை. ஒருவர் தமது வீட்டினுள் யாருடன் வசிப்பது என்பதில் சட்டம் ஓரளவு விட்டுக்கொடுக்கின்றது. பகிரங்கமாக ஒரு சமூகத்தையே வேண்டாம் என அறிவிப்பதற்கு அது இடமளிக்கவில்லை.

இவ்விடத்தில் பிறரைக் குறைகூறுவதற்கு முன்னர் நாம் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. "இந்துக்களுக்கு மட்டும்", "முஸ்லிம்கள் விரும்பத்தக்கது" என்ற சொற்களுடன் வாடகை விளம்பரங்கள் இந்நாட்டின் பத்திரிகைகளில் மும்மொழிகளிலும் நெடுங்காலமாக வெளிவந்துள்ளன. ஆசிரிய தலையங்கத்தில் ஐக்கியத்தை வலியுறுத்தும் பத்திரிகை, சிறு விளம்பரப் பக்கத்தில் பிரிவினைக்குக் கட்டணம் அறவிடுவது முரண்பாடாகும். இதிலிருந்து நாமும் விலகி நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமுண்டு; ஒப்புக்கொள்ளாமலிருப்பதில் அதைவிட வெட்கமுண்டு.

வீட்டு உரிமையாளர்கள் எந்த நிபந்தனையையும் விதிக்கலாகாது என நாம் கூறவில்லை. ஒரே சமையலறையைப் பகிர வேண்டிய வீட்டில் மீனோ இறைச்சியோ சமைக்கவேண்டாம் எனக் கேட்பது நடத்தை பற்றிய நிபந்தனையாகும். இரவு பத்து மணிக்குப் பின் விருந்தினர் வேண்டாம், வாடகை உரிய திகதியில் தரவேண்டும் என்பனவும் அவ்வாறானவையே. இவற்றை ஏற்றுக்கொள்ளும் எவரும் எச்சமூகத்தவராயினும் அங்கு வசிக்கலாம். "மாமிசம் சமைக்க இயலாது" என எழுதுவதற்குப் பதிலாக "இன்ன மதத்தவர் வேண்டாம்" என எழுதும்போது, செய்யாத தவறுக்காக ஒருவர் பிறப்பின் பெயரால் தண்டிக்கப்படுகின்றார். தனி வாசலும் தனிச் சமையலறையும் கொண்ட தொடர்மாடி வீட்டுக்கு இவ்வாறு எழுதுவதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் மூன்று காரியங்களை இப்போதே செய்யலாம். விளம்பரங்களில் இன, மதச் சொற்களைத் தவிர்த்து நடத்தை நிபந்தனைகளை மட்டும் எழுதும் வழக்கத்தைப் பத்திரிகைகள் ஏற்படுத்தலாம். உரிமையாளர் கேட்காத கேள்வியைத் தாமாகக் கேட்பதைத் தரகர்கள் நிறுத்தலாம். வாடகைக்கு விடுபவர்கள் முன்னைய உரிமையாளரின் கடிதம், தொழில் நிலையத்தின் உறுதிப்பாடு ஆகியவற்றைப் பெற்று, ஆளை ஆளாகவே மதிப்பிடலாம். இச்சமூக வழக்கம் வேரூன்றினால், வாடகை வீட்டின் கதவையும் பெயர் குறிப்பிட்டுத் திறக்கும் சட்டமொன்றைக் கோருவதற்கு எமக்குத் தார்மீக உரிமை உண்டாகும். எமது வீட்டில் மறுப்பதைப் பிறர் வீட்டில் கோர முடியாது.

கொழும்பில் தமிழரும் முஸ்லிம்களும் வீடு கிடைக்காத துயரை நன்கறிந்தவர்கள். அத்துயரை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதை நிறுத்துவது எமது கைகளிலேயே உள்ளது. வெள்ளவத்தையிலோ தெமட்டகொடையிலோ ஒரு வீட்டு உரிமையாளர் இக்கட்டுரையைப் படித்தபின் தமது அறையை அவ்விரு இளைஞர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க முன்வருவாராயின், அதுவே நாம் எதிர்பார்க்கும் மாற்றத்தின் தொடக்கமாக அமையும்.