ஆறு பரப்பும் ஒரு கிணறும்

எங்கள் அம்மாவின் காணி உறுதி மரப்பெட்டியின் அடியிலே, ஒரு பழைய பஞ்சாங்கத்துக்கும் என் தங்கையின் சாதகக் குறிப்புக்கும் நடுவே கிடந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அம்மா தம் கையிற் கொண்டுசென்ற பொருள்கள் இரண்டு. ஒன்று அரிக்கன் விளக்கு. மற்றது அந்த உறுதி. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டின் மேல் ஓடுகள் இல்லை, கதவுகள் இல்லை, யன்னல் நிலைகளையும் யாரோ பெயர்த்துவிட்டிருந்தனர். அம்மா முற்றத்தில் நின்றபடியே, “உறுதி இருக்குத்தானே மோனை” என்றார்.

2019 இல் அவர் காலமானார். மரணசாதனம் எழுதவில்லை. பிள்ளைகள் மூவர்: நான், இலண்டனில் இருக்கும் தம்பி, ரொறன்ரோவில் இருக்கும் தங்கை. ஆளுக்கு மூன்றிலொரு பங்கு; ஆனால் எந்த மூன்றிலொன்று யாருடையது என்று பிரிக்கப்படாத பங்கு. விற்பது என்று தீர்மானமான பின்னரே நான் அவ்வுறுதியை முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவனுக்கு அஃது ஒரு நல்ல பாடம். தோம்பிலுள்ள காணிப் பெயர், நான்கு எல்லைகள், பின்பு வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர். வான்பயிர் என்றால் ஓங்கி நிற்கும் பனை, தென்னை முதலியன. இத்துணை அழகிய ஒரு சொல்லை நொத்தாரிசுமாரே காப்பாற்றி வைத்திருக்கின்றனர். நாங்கள் ஆசிரியர்கள் அல்லர்.

ஆனால் அந்த உறுதியில் விலை இல்லை. முத்திரைத் தீர்வைக்காக எழுதிய ஒரு பெறுமதி மட்டுமே உண்டு: ரூபா 600. ஏனெனில் அது 1946 இல் அம்மாவுக்கு எழுதிய சீதன உறுதி. எங்கள் நாட்டுக் காணிச் சந்தையை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே என்பேன். யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணின் பின்னே செல்வது. மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேர்பவன். நானும் அவ்வாறு வந்தவனே. இரண்டு கல் தொலைவிலுள்ள மனைவியின் சீதன வீட்டிலேதான் இன்றும் இருக்கிறேன். அக்காலத்தில் காணி விற்றவர் பெரும்பாலும் மூத்தவளின் கலியாணக் கடனைத் தீர்க்க விற்றார். வாங்கியவர் தம் மகளுக்கு எழுதிக் கொடுக்க வாங்கினார். அவசரத் தேவைக்காரர் விற்காமல் ஒற்றி வைப்பர்; பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிப்பார். இலாபத்துக்காகவே வாங்கிப் போடுவோர் அரிது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனுடன் திரும்பியவர்களும் கல்வீடு கட்டினார்களேயன்றிக் காணி வணிகம் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

இதற்கு ஏற்றாற்போலவே எங்கள் சட்டமும் அமைந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து, பன்னிரு முதலிமார் பார்த்து ஏற்றுக்கொண்ட தேசவழமை, 1707 இல் எழுத்துருப் பெற்றது. காணி விற்க நினைப்பவன் தன் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்பது அதிற் பதிந்த பழைய வழக்கு. பின்னர் விற்பனை பற்றிய அறிவித்தலைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்று ஒல்லாந்தத் தளபதி ஒருவர் விதித்தார். 1947 இன் 59 ஆம் இலக்கச் சட்டம் இந்த முன்கொள்வனவு உரிமையைத் திருத்தி வரையறுத்தது. பிரிபடாத பங்கொன்றை அந்நியனுக்கு விற்கப் போகிறவன் தன் பங்காளிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடாமல் விற்றால் பங்காளி நீதிமன்றத்துக்குச் சென்று அதனைத் தன்பால் மீட்கலாம். இன்று தரகர் தம் கைத்தொலைபேசியில் வளவின் படம் எடுத்து மூன்று கண்டங்களுக்கு ஒரு நொடியில் அனுப்பிவிடுகிறார். மூன்று ஞாயிறு பொறுத்திருக்க எவருக்கும் நேரம் இல்லை. உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் வளவு ஆறு பரப்பு. ஊருக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். 2021 இறுதியில் தரகர் முதலில் அழைத்து வந்தவர்கள் ஓர் இளம் ஆசிரியத் தம்பதியர். கணவர் கணிதம், மனைவி சங்கீதம். வாடகை வீட்டில் இருந்தனர். வந்தவுடன் அந்தப் பெண் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். சரியான வாங்குபவர் என்று அப்போதே எண்ணிக்கொண்டேன். எங்கள் சுண்ணக்கற் பூமியில் ஆறு இல்லை. நிலத்தடி நீரே எல்லாம். அது சில இடங்களில் உவர், சில இடங்களில் உரத்தின் நைத்திரேற்று. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பேச்சான பிறகு தண்ணீர் பாராமல் விலை பேசுவோர் பேதையர். எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு.

விலை ஒருவாறு பொருந்தியது. அவர்கள் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தனர். அங்கேதான் முதல் தடை. வங்கி முப்பது ஆண்டு உறுதித் தொடரைக் கேட்கும்; நில அளவை வரைபடத்தைக் கேட்கும்; பிரிபடாத பங்குக்குக் கடன் கொடுக்கத் தயங்கும். நாங்கள் மூவரும் ஒருங்கே கையெழுத்திட்டாலன்றிக் காரியம் ஆகாது. அற்றோணித் தத்துவம் வரவேண்டும். தங்கையின் கடிதத்தோடு இன்னொரு கடிதமும் வேண்டுமென்றார் நொத்தாரிசு. 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் நிலபுலத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டுமாம். தாய் வழியாக வந்த காணி. தாய் விட்ட காணி. அதை விற்க எங்கள் மைத்துனர் எழுபத்தைந்தாம் வயதில் பனிக்குள்ளே துணைத்தூதரகத்துக்குச் சென்று கையெழுத்திட வேண்டியதாயிற்று. “அண்ணை, இவர் அந்தக் கிணற்றிலே ஒரு நாள் குளிச்சதுகூட இல்லை” என்று தங்கை தொலைபேசியிற் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டைப் பெண்ணின் பெயரில் எழுதிவிட்டுப் பேனாவை ஆணின் கையிற் கொடுத்த சமூகம் எங்களுடையது.

கடிதங்கள் வந்து சேருமுன் 2022 ஆம் ஆண்டு பங்குனி வந்துவிட்டது. அம்மாதத்தில் ரூபாவைத் தாங்கிப்பிடித்திருந்த கையை மத்திய வங்கி தளர்த்தியது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் வைகாசிக்குள் 360 ரூபாவளவில் நின்றது. சித்திரையில், ஒரே நாளில், கொள்கை வட்டி வீதம் ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டது. அந்தத் தம்பதியர் என் விறாந்தையில் அமர்ந்து ஒரு கொப்பித் தாளில் மாதத் தவணையை மீண்டும் மீண்டும் கணக்கிட்டனர். கணித ஆசிரியருக்குக் கணக்குப் பிழைக்கவில்லை. அதுவே துன்பம். “சேர், எங்களாலே ஏலாது” என்று எழுந்து போனார்கள்.

அடுத்த கிழமையே தரகர் மீண்டும் வந்தார். “மாஸ்டர், சுவிஸ் ஆள் ஒருவர் நிற்கிறார். காசு கையிலை.” அவர் எங்கள் அடுத்த ஒழுங்கைக்காரர், 1980களின் இறுதியில் சென்றவர். முன்பு தம்பதியர் சொன்ன தொகைக்கு மேலே சொன்னார். அவருக்கு அது கூடுதல் அன்று. ரூபா வீழ்ந்தபடியால் அவருடைய பிராங்குக் கணக்கில் எங்கள் வளவு மலிந்தே இருந்தது. ஒரே நிகழ்ச்சி, ஊரில் இருப்பவனுக்குக் கதவை அடைத்தது. வெளியில் இருப்பவனுக்குக் கதவை அகலத் திறந்தது. காணி விலை ஏறிற்றா இறங்கிற்றா என்று என்னைக் கேட்போருக்கு, எந்த நாணயத்திற் கேட்கிறீர்கள் என்றே திருப்பிக் கேட்கிறேன்.

அவரைக் குறைகூற நான் வரவில்லை. ஊரை மறவாதவர். ஆனால் அவர் பெற்றிருந்தது சுவிஸ் குடியுரிமை மட்டுமே. 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கு நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்க்கே விலக்கு உண்டு. ஆகவே தமக்கையின் பெயரில் எழுதச் சொன்னார். இவ்வாறு எழுதப்பட்ட காணிகள் எங்கள் ஊரில் பல. பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. தமக்கைக்கும் பிள்ளைகள் உண்டல்லவா? வெள்ளவத்தையில் மாடித் தொகுதி வீடு வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு; அந்தச் சட்டமே மாடித் தொகுதி வீடுகளுக்கு வழிவிட்டிருக்கிறது. மாடி வீட்டுக்கு வான்பயிரும் இல்லை; வேலிச் சண்டையும் இல்லை.

தம்பி விற்கச் சொன்னான். தங்கையும் சம்மதம். நொத்தாரிசு தம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “மாஸ்டர், அவர்கள் இருவருடைய பங்குக்கும் முதல் உரித்து உங்களுக்குத்தான். அந்த விலையை நீங்கள் கொடுத்தால் வேறு யாரும் வாங்க இயலாது” என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை. என் ஓய்வூதியக் கொடுப்பனவில் எஞ்சியதையும், மனைவியின் நகைகளையும், சேமிப்புப் புத்தகத்தையும் கூட்டிப் பார்த்தேன். நான்கு பரப்புக்கு அல்ல, ஒரு பரப்புக்கும் கட்டாது. 1707 முதல் எனக்காகக் காத்திருந்த உரிமை என் கையில் இருந்தது. அதற்குரிய பணம் சூரிச்சில் இருந்தது.

ஆனால் அந்த உரிமை வேறொரு வகையிற் பயன்பட்டது. என்னை விலக்கி வைத்து அவர்களால் விற்க இயலாது என்பதால் நான் கேட்டதற்கு எல்லாரும் இசைந்தனர். முதலில் காணியைப் பிரிப்போம் என்றேன். அளவையாளர் வந்து சங்கிலி போட்டார். வீடும் நான்கு பரப்பும் தம்பிக்கும் தங்கைக்கும். ஒழுங்கைக் கரையோரம் இரண்டு பரப்பு வெறுங்காணி எனக்கு. பங்கீட்டு உறுதி எழுதி முடிய 2023 ஆனி ஆயிற்று. வீடு சுவிஸ் பணத்துக்குப் போயிற்று. மாட மாளிகைபோல் மதில் எழும்பிற்று. அந்த ஆனியிலேதான் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. நான் கணித ஆசிரியரைத் தேடிப் போனேன். இரண்டு பரப்புக்குத் தரகர் சொன்ன விலை ஒன்று. நான் சொன்ன விலை ஒன்று. “நட்டப்படுகிறீர்கள் மாஸ்டர்” என்றார் தரகர். நட்டந்தான், என் மனைவி இன்றும் அதை மறக்கவிடுவதில்லை.

விற்பனை உறுதியில் முழு விலையையும் எழுதினோம். முதல் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக முத்திரைத் தீர்வை வரும். அதைக் குறைப்பதற்காக விலையைக் குறைத்து எழுதுவது ஊர் வழக்கம். நாளைக்கு வழக்கு என்று வந்தால் வாங்கியவனை நோக்கி நிற்பது அந்தப் பொய்யான இலக்கமே.

கிணறுதான் கடைசிச் சிக்கல். அது பிரிகோட்டுக்கு அப்பால், பெரிய வளவுக்குள் ஐந்தடி உள்ளே நின்றது. புதியவர் மதிலை நேராக இழுக்க விரும்பினார். பங்கீட்டு உறுதியில், கிணற்றிற் சரிபாதியும் போய்வரும் வழியும் இரண்டு பரப்புக் காணிக்கு உரியன என்று நாங்கள் எழுதியிருந்ததை நொத்தாரிசு எடுத்து வாசித்தார். ஆகவே மதிலில் மூன்றடி அகலத்தில் ஒரு வாசல் விட்டார்கள். அதற்குக் கதவு போடுவது யார் என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது.

சென்ற மாதம் அவ்வழியே போனேன். பெரிய வீட்டில் பூட்டுத் தொங்கியது. சனிக்கிழமைகளில் ஒருவர் வந்து முற்றம் கூட்டுகிறாராம். இரண்டு பரப்பில் இரண்டு அறைகள் எழுந்து, மேலே தகரம் போட்டாயிற்று. உள்ளே பிள்ளைகள் சுரம் பாடிக்கொண்டிருந்தனர். சங்கீத ஆசிரியை வாசல் வழியே போய் ஒரு செம்பு தண்ணீர் அள்ளி வந்து தந்தார். இரவு தங்கை தொலைபேசியில் வந்தபோது வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீர் எப்படி என்றுதான் கேட்டாள். உவர் ஏறவில்லை என்றேன்.