ஒற்றைச் செடி தந்த வித்து

இந்து சமுத்திரத்தில், மொரிசியசுக்குக் கிழக்கே உள்ள சிறு தீவு றொட்றிக்ஸ். கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடியொன்று உலகில் அங்கு மட்டுமே வளர்ந்தது. ‘கபே மறோன்’ என்பது அதன் பெயர். காடு வெட்டப்பட்டு, ஆடுகளும் பிறநாட்டுச் செடிகளும் பெருகிய பின்னர் அது அழிந்துவிட்டதென்றே எண்ணினர்.

1980 அளவில் ஆசிரியர் ஒருவர் அதன் பழைய படத்தை வகுப்பில் காட்டினார். அதைப் பார்த்த மாணவன் ஒருவன் அதே செடியின் கிளையொன்றைக் கொண்டுவந்தான்! ஆனால் எஞ்சி நின்றது ஒரே செடி. செய்தி பரவியதும் மருந்துக்கென்று பலர் அதை வெட்டினர். வேலி அடைத்தும் வெட்டு நிற்கவில்லை.

1986 இல் அதன் கிளைத் தடிகள் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் ஒன்று வேர்விட்டது. அதிலிருந்து மேலும் கன்றுகள் உண்டாக்கினர். அவை பூத்தன, காய்க்கவில்லை. தடியில் வந்தவை யாவும் தாய்ச்செடியின் மறுபதிப்பே. தாயைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கக்கூடும். ஆகவே வித்து அவசியமாயிற்று. அங்கு பணியாற்றிய கார்லோஸ் மக்டலேனா பூவின் சூல்முடியை வெட்டி, வெட்டுவாயில் மகரந்தத்தை வைத்துப் பலமுறை முயன்றார். 2003 அளவில் காய் பிடித்தது. பின்னர் அவ்வித்துக்கள் றொட்றிக்சுக்கே திரும்பிச் சென்றன.

விதைநெல்லையும் விட்டுவந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரு நாளில் இல்லாமற் போகலாம். உங்கள் ஊரின் நல்லினம் எங்காவது ஒரு வளவில் நின்றால், ஒரு தடியை அயலிலும் ஊன்றுங்கள். ஒரு பிடி விதையை உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.