டப்பாவைத் திறங்க, பார்க்கலாம்!

வாங்க, உள்ளே வாங்க. செருப்பை மட்டும் கழற்றிடாதீங்க, தரை முழுக்கக் குண்டூசி! இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் காபி வாசனையும் கலந்தடிக்கிற இந்த நீள அறையை உங்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா!

இது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் ஹாமில்டன். கன்சாஸ் சிட்டியிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. ஜே.சி.பென்னி கடைகளை நிறுவிய பென்னி 1875-ல் பிறந்த ஊர். இப்போது பெண்கள் நாடு முழுவதிலிருந்தும் இங்கே வந்து குவிவது குயில்ட் போர்வை தைக்கும் துணிக்காக. 2008-ல் ஜென்னி டோன் என்கிற அம்மாவுக்காக அவருடைய பிள்ளைகள் ஒரு பெரிய குயில்டிங் மெஷினும் ஒரு பழைய கட்டடமும் வாங்கித் தொடங்கியதுதான் 'மிசௌரி ஸ்டார்' கடை. அவருடைய யூடியூப் பாடங்களைப் பார்த்துத் தைக்கக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். மெயின் ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை துணி, துணி, துணி! கூட வந்த கணவன்மார்கள் காத்திருக்கச் சாய்வு நாற்காலி போட்டு ஓர் இடம்கூட வைத்தார்கள் என்றால் பாருங்கள்.

ஆனால் நாங்கள் கடைக்கு வரவில்லை. இது ரிட்ரீட். தோழிகள் சேர்ந்து வாரக் கடைசிக்கு ஓர் இடம் எடுத்து, ஆளுக்கொரு மெஷினோடு வந்து தங்கி, விடிய விடியத் தைப்பது. இந்த முறை ஒரே ஒரு சட்டம்: புதிதாக எதையும் வெட்டக் கூடாது. பாதியில் நின்று அலமாரிக்குள் போனதை மட்டும் கொண்டுவர வேண்டும். குயில்ட்காரர்கள் பேச்சில் அதற்கு யு.எஃப்.ஓ. என்று பெயர். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவோடு காரிலிருந்து இறங்கிய காட்சி இருக்கிறதே! "திற, திற" என்று ஒரே கூச்சல்.

குயில்ட் என்பது மூன்றடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றும் பிடித்துக்கொள்ள ஓட்டுகிற தையல்தான் குயில்டிங். கடைசியாக ஓரப்பட்டி. டப்பா டப்பாவாக எட்டிப்பார்த்ததில் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. யாருடைய வேலையும் சோம்பலால் நிற்கவில்லை. 'இந்தக் கரைக்கு நீலமா, பழுப்பா?' 'இந்த வரிசையைப் பிரிக்கணுமா, விட்டுடலாமா?' இப்படி முடிவெடுக்க வேண்டிய ஏதோ ஓர் இடத்தில் நின்றிருக்கிறது. அந்த இடத்தைத் தாண்ட இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். ரிட்ரீட்டில் கிடைப்பது அந்தக் கண்கள்!

அதோ அந்தச் சுவரைப் பாருங்கள். முழுக்க ஃபிளானல் போர்த்தியிருக்கிறோம். பருத்தித் துண்டை அதில் வைத்தால் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். வைத்துவிட்டு நாலடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். நிறம் மறைந்து, எது வெளிச்சம் எது இருட்டு என்பது மட்டும் மிஞ்சும். மாதக்கணக்கில் தீராத கரைத் தகராறு இந்தச் சுவரில் பத்து நிமிடத்தில் தீர்கிறது.

"அக்கா, இந்தப் பூவைப் பாருங்களேன், நம்ம ஊர்ப் பூ மாதிரி இருக்கு!" என்கிறாள் கோயம்புத்தூர்த் தோழி. அவள் சொல்வது சரிதான். பழைய சின்ட்ஸ் துணிகளைப் பார்த்து அச்சிட்ட பூ அது. பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சின்ட்ஸ் துணி விலை அதிகம் என்பதால், அதிலிருந்து பூவையும் பறவையையும் தனித்தனியாகக் கத்தரித்து வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தார்கள் அந்தக் காலத்துப் பெண்கள்.

மூலையில் 'டக டக' என்று ஓடுகிற கறுப்பு மெஷின் சிங்கர் ஃபெதர்வெயிட். 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. எடை ஐந்து கிலோதான், ரிட்ரீட்டுக்கு என்றே பிறந்தது! அதை ஓட்டுகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அவருடைய டப்பாதான் இந்த அறையின் ராணி. உள்ளே, அவர் அம்மா ஆரம்பித்த 'கிராண்ட்மதர்ஸ் ஃபிளவர் கார்டன்'. தேன்கூட்டுக் கட்டம்போல அறுகோணத் துண்டுகள். 1930-களில் மாவும் கோழித் தீவனமும் வந்த பூப்போட்ட பருத்திச் சாக்குகளை வெட்டித் தைத்தது. ஒவ்வொரு துண்டையும் ஒரு காகித அறுகோணத்தின் மேல் மடித்துக் கையால் இணைப்பார்கள். சுற்றியுள்ள துண்டுகள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் காகிதத்தை உருவ வேண்டும். ஓரத் துண்டுகளில் காகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒன்றைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில் 'முட்டை, சோப்பு', பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு கணக்கு. அவருடைய அம்மாவின் கையெழுத்து.

உருவினால் அம்மா போய்விடுவார், உருவாவிட்டால் குயில்ட் முடியாது. அங்கேதான் நின்றிருந்தது. அறையே வேலையை நிறுத்திவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டது. அடித்துணியில் ஒரு பை தைத்து, காகிதங்களை அதற்குள் போட்டுப் பொத்தான் வைத்துவிடலாம் என்று சொன்னது எங்களில் இளையவள். நர்ஸம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழ, எங்களுக்கும் கண் கலங்க, அடுத்த நொடியே பொத்தான் டப்பாவைக் கொட்டி எது பொருத்தம் என்று பெரிய சண்டை! வெள்ளைச் சிப்பிப் பொத்தான்தான் ஜெயித்தது.

அப்புறம் எனக்குப் பிடித்த கட்டம். மேசைகளை எல்லாம் ஒட்டிப்போட்டு, மூன்றடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு. வீட்டில் தனியாகச் செய்தால் தரையில் மண்டியிட்டு முட்டி கழன்றுவிடும், இதற்குப் பயந்தே அலமாரிக்குப் போகிற யு.எஃப்.ஓ.க்களும் உண்டு. இங்கே ஆளுக்கொரு பக்கம் நின்று, ஊர்க்கதை பேசிக்கொண்டே குத்தினால், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது!

ராத்திரி பகடை. எதிரே ஆளுக்கு மூன்று துண்டுத் துணி. பகடையில் எல் விழுந்தால் ஒன்று இடப்பக்கத்துக்காரருக்கு, ஆர் என்றால் வலப்பக்கத்துக்கு, சி என்றால் நடுவில், புள்ளி என்றால் நமக்கே. கடைசியில் கையில் துணி மிஞ்சுகிறவருக்கு நடுவில் இருப்பது மொத்தமும். என்ன கத்தல், என்ன கைதட்டல்!

ஞாயிறு மதியம் காட்சி நேரம். ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று பிடிக்க, மற்றவர்கள் 'ஆ' என்று வாயைப் பிளக்க, ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற தோழியின் 'டபுள் வெட்டிங் ரிங்' மட்டும் முடியவில்லை. வளைவு வளைவாகத் தைக்க வேண்டிய வேலை அது, அவசரப்படுத்த முடியாது. ஆனால் எந்த வளையத்துக்கு எந்தப் பச்சை என்று சுவரில் வைத்து முடிவு பண்ணி, டப்பா மூடியில் டேப் ஒட்டி எழுதியாகிவிட்டது. அடுத்த ரிட்ரீட்டுக்கு இதே அறையைப் பேசிவிட்டோம். சன்னலோர மேசை அந்த டப்பாவுக்கு!