சுரங்க நகரின் சுரங்கள் – 17: சாக்ஸபோனுக்கு எந்தக் கல்லூரி?

நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பையன் பிளஸ் டூ முடிக்கப்போகிறான். சாக்ஸபோன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். படிக்கிறதென்றால் பட்டம் வேண்டும் சார். வீட்டிலிருந்து போய்வருகிற தூரமாக இருந்தால் நல்லது. எங்கே சேர்ப்பது?"

தூரத்தைப் பொறுத்தவரை நெய்வேலிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று பஸ் பிடித்துப் போனால் சிதம்பரம். அங்கே ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், அதில் தமிழிசை இயக்கத்தோடு சேர்த்தே பேசப்படுகிற இசைத்துறை. டைகர் வரதாச்சாரியார் அங்கே முதல்வராக இருந்திருக்கிறார். 'நந்தனார்' படத்தில் நடித்த எம்.எம்.தண்டபாணி தேசிகர் துறைத் தலைவராக இருந்து பல வருடம் பாடம் சொல்லியிருக்கிறார். வேறு ஊர்க்காரர்கள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற இடத்துக்கு நம் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு போய்வரலாம்.

ஆனால் பையன் கேட்பது சாக்ஸபோன். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் என்று வருகிற பழைய வரிசையில் அது கிடையாது. பட்டம் பிறகு ஆகட்டும், முதலில் கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர்க்கலாமா என்றால், அங்கே குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். கல்யாண மண்டபத்தில் சாக்ஸபோன் இருக்கிறது, கோயில் திருவிழாவில் இருக்கிறது, சினிமாவில் எப்போதோ வந்துவிட்டது. பாடத்திட்டத்துக்குள் மட்டும் வரவில்லை.

இதற்காக நம்மவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் பாரிஸில் கடை போட்டு, 1846-இல் இந்த வாத்தியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1857-இல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் அவரே வகுப்பும் எடுக்க ஆரம்பித்தார்; மாணவர்கள் பெரும்பாலும் ராணுவ பேண்டுக்காரர்கள். 1870-இல் போர் வந்தது, வகுப்பு நின்றது. மறுபடி அந்த வகுப்பு திறந்தது 1942-இல், மார்செல் முல் ஆசிரியராக வந்தபோது. எழுபது வருடத்துக்கு மேல், தான் வளர்ந்த ஊரிலேயே அதற்குப் பெஞ்சு இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் லாரி டீல் என்பவரை முழுநேர சாக்ஸபோன் பேராசிரியராக வைத்துக்கொண்டது 1953-இல். அதற்குள் சார்லி பார்க்கர், எந்தப் பல்கலைக்கழக வாசலையும் மிதிக்காமல், அந்த வாத்தியத்தின் போக்கையே மாற்றிவிட்டார். அடுத்த இரண்டே வருடத்தில் காலமும் ஆகிவிட்டார். பேராசிரியர் பதவிகள் இப்படித்தான், ஆற அமர வரும்.

நம் பக்கத்துக் கதை கத்ரி கோபால்நாத்துடையது. தட்சிண கன்னடத்துக்காரர். அப்பா நாதஸ்வர வித்வான். பிள்ளையும் முதலில் அதைத்தான் ஊதினார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட பிறகு மனசு அங்கே போய்விட்டது. அதைக் கர்நாடக இசைக்கு முழுசாக வசப்படுத்த ஏறக்குறைய இருபது வருடம் ஆனதாகச் சொல்வார்கள். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் பிராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே வருடம் கே.பாலசந்தரின் 'டூயட்' வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில், பிரபு கையிலிருந்த சாக்ஸபோனுக்குள் ஒலித்தது கத்ரியின் மூச்சு. அதற்குப் பிறகுதான் நம் ஊர் ரிசப்ஷன் மேடைகளில் இந்த மஞ்சள் உலோகம் மினுங்க ஆரம்பித்தது என்பது என் கணக்கு. 2004-இல் பத்மஸ்ரீ, 2019 அக்டோபரில் மங்களூரில் மறைந்தார்.

கத்ரியின் குருமார்களைத்தான் கேள்வி கேட்ட தந்தை கவனிக்க வேண்டும். மங்களூர் கலாநிகேதனில் கோபாலகிருஷ்ண ஐயர், பிறகு சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணன். டி.வி.ஜி. மிருதங்கக்காரர், பாடகர், சாக்ஸபோன் வித்வான் அல்ல. கத்ரி அவரிடம் போனது விரல் எங்கே வைப்பது என்று கேட்க அல்ல, சங்கீதத்துக்காக.

சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசிப்பதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. நாதஸ்வரத்தில் விரலின் சதை நேராகத் துளைமேல் உட்காருகிறது. அரை விரல் தூக்கலாம், கால் விரல் தூக்கலாம், இழைத்து இழைத்து மூடலாம். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். நாதஸ்வரத்தில் அதை விரலும் உதடும் மூச்சும் பங்குபோட்டுக்கொள்ளும். சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதே இல்லை. விரல் ஒரு சாவியை அழுத்துகிறது, சாவி ஒரு கம்பியைத் தள்ளுகிறது, கம்பியின் மறுமுனையில் உள்ள பேட் என்கிற மூடி போய்த் துளையை மூடுகிறது. ஸ்பிரிங் வைத்த கதவு மாதிரி: அழுத்தினால் மூடல், விட்டால் திறப்பு. அசைவு முழுவதையும் கீழ்த்தாடையை இறுக்கித் தளர்த்தியும், சாவியைப் பாதியில் பிடித்து நிறுத்தியும்தான் கொண்டுவர வேண்டும். மேல் ஸ்தாயியில் உதடு சொன்னபடி ஸ்வரம் வளையும். கீழே இறங்க இறங்க முரண்டு பிடிக்கும். கமகத்துக்கு இடம்கொடுக்கும்படி கத்ரி சாவிகளின் அமைப்பையே மாற்றிக்கொண்டார்.

ஆக, கை வேலை ஒருபுறம் இருக்க, அந்த காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்று காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித்தர சிதம்பரத்தில் ஆள் உண்டு. ஆகவே என் யோசனை: பையனை நாதஸ்வரத்தில் சேர்த்துவிடுங்கள். பையன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். ஸரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை, ஆலாபனை என்று படிப்படியாக ஏறுகிற பாடம். பக்கத்து அறையில் தவில், லயத்தில் சறுக்கினால் உடனே தெரிந்துவிடும். இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆல்டோ சாக்ஸபோன் ஈ-ஃபிளாட் வாத்தியம். அதன் 'சி' விரலை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் கிடைப்பது 2½ கட்டை. இன்று நாதஸ்வரங்கள் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில்தான் பேசுகின்றன. காலையில் வகுப்பில் நாதஸ்வரத்தில் வாசித்த வர்ணத்தை, சாயங்காலம் வீட்டில் அதே சுருதிப் பெட்டியை வைத்து ஆல்டோவில் வாசித்துப் பார்க்கலாம். டெனார் வாங்கிவிட்டால் இந்தச் சௌகரியம் போய்விடும், அது 6½ கட்டையில் நிற்கும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு டெனார் வாங்கிவிடாதீர்கள்.

நாதஸ்வரக்காரர்களுக்கு சாக்ஸபோன்மேல் கோபம் உண்டு. முகூர்த்தத்தையும் மாப்பிள்ளை அழைப்பையும் சாக்ஸபோன் செட்டு எடுத்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? நியாயமான கோபம். ஆனால் கல்யாணத்தில் சாக்ஸபோன் வாசிக்கிறவர்களின் வீட்டு விலாசத்தை விசாரித்துப் பாருங்கள், பல நேரம் அதுவும் நாதஸ்வர வீடாகவே இருக்கும். கேட்கச் சகிக்கிற சாக்ஸபோன் எல்லாம் அந்த வீடுகளிலிருந்து வருவதுதான். சாக்ஸபோனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டும் என்று நானும் கேட்பேன். நாதஸ்வரத்தின் இடத்தைக் குறைத்துத் தருவதாக இருந்தால் வேண்டாம்.

பையனுக்குப் பிடித்தது கமகம் இல்லை, ஜாஸ் என்றால் வழி வேறு. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மாதிரியான இடங்கள். இல்லையென்றால் டிரினிட்டி தேர்வுகள், எட்டு கிரேடு வரை சாக்ஸபோனுக்கு உண்டு. ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாமல் அந்தப் பக்கம் நகர முடியாது. செலவும் கூடத்தான்.

அந்தப் பக்கம் முழுக்கப் போய்விட்டுத் திரும்பிவந்த ஒருவரைச் சொல்கிறேன். ருத்ரேஷ் மகந்தப்பா, அமெரிக்காவில் வளர்ந்தவர். பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியில் சாக்ஸபோன் படித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் வேடிக்கையாக ஓர் ஆல்பத்தைக் கையில் கொடுத்தார். 'இந்தியன் ஸ்டைல்' சாக்ஸபோன் என்று அட்டையில் போட்டிருந்தது, வாசித்தவர் கத்ரி. வேடிக்கை வினையாயிற்று. பல வருடம் கழித்துக் கத்ரியைத் தேடிவந்து சேர்ந்து உழைத்து, 2008-இல் இருவரும் 'கின்ஸ்மென்' என்ற ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் வயலின் ஏ.கன்யாகுமரி. ருத்ரேஷ் பிற்பாடு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். இரண்டு சாக்ஸபோனும் சேர்ந்து போகிற இடங்களில் எது பட்டம் வாங்கியது, எது வாங்காதது என்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

இனி வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் சாக்ஸபோன் சாதகம் செய்வது சாமானிய காரியமில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்துவந்து காலை பத்து மணிக்குத் தூங்குகிறவர், இந்தப் பக்கம் முதல் ஷிப்டுக்காக ராத்திரி ஒன்பதுக்கே படுக்கிறவர். வாத்தியத்தின் வாயில் துணியைத் திணித்தால் சத்தம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வாத்தியத்தில் சத்தம் அகன்ற வாய் வழியாக மட்டும் வருவதில்லை, திறந்திருக்கிற ஒவ்வொரு துளை வழியாகவும் வரும். துணி வைத்தால் கீழ் ஸ்வரம் இரண்டு மூன்றுதான் அடைத்துக்கொள்ளும். டவுன்ஷிப்பைத் தாண்டினால் முந்திரித் தோப்பு நிறைய உண்டு. தோப்புக்குள் போய் ஊதச் சொல்லுங்கள். நாதஸ்வரம் வெட்டவெளிக்கென்றே செய்த வாத்தியம், அதற்கும் அதுதான் நல்லது.

பணக் கணக்கு: யமஹாவின் மாணவர் ரக ஆல்டோவே லட்சத்தைத் தாண்டும். முதல் வருடத்திலேயே அதற்குக் கடன் வாங்க வேண்டாம். சேர்க்கைக்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் அந்த வருடத்து விவரக் குறிப்பை வாங்கிப் படியுங்கள், பாடங்கள் மாறும். சாக்ஸபோனின் ஊதுமுனையில் பொருத்தும் ரீடு, நம்பர் இரண்டில் ஆரம்பிக்கட்டும். மூன்றாம் நம்பர்தான் கெத்து என்று நண்பர்கள் சொல்வார்கள், உதடு புண்ணானதுதான் மிச்சமாகும்.

நாதஸ்வரத்துக்கு அந்த ரீடின் இடத்தில் இருப்பது சீவாளி. கொறுக்கைத் தட்டையை வெட்டி, பதப்படுத்திச் செய்வது. அடுத்த வாரம், அதற்குப் பேர்போன திருவாவடுதுறைக்குப் போவோம்.