மூவாயிரம் ரூபாயில் ஒரு தூளி

போன மார்கழியில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவருடைய பலாத்தோப்பில், முதல் முறையாக ஹேமக் கட்டிப் படுத்தேன். ஆன்லைனில் ‘பாராசூட் நைலான்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியது. கூடவே இரண்டு மெல்லிய கயிறும் வந்திருந்தது. ஒரு போர்வையும் எடுத்துக்கிட்டேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும்போது வெயில் சுள்ளென்று அடித்ததால் அதுவே போதும்னு தோணிச்சு. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதை ஏறி கரியாலூர் வந்தபோதே காற்று மாறிவிட்டது. அப்பவும் எனக்கு உறைக்கவில்லை.

துணி தொய்ந்து தெரிந்ததால், கட்டில் மாதிரி நேராக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துக் கட்டினேன். தோப்புக்காரர் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, கொடிக்கயிறு மாதிரி கட்டியிருக்கீங்க? தூளிய யாராச்சும் இப்படிக் கட்டுவாங்களா?” என்றார். சிரித்துவிட்டுப் படுத்துட்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு பக்க முடிச்சு வழுக்கி, பின்புறம் தரையில் இடித்தது. திரும்பக் கட்டிப் படுத்தால், இரண்டரை மணிக்கு முதுகு விறைத்துப்போச்சு. மேலே போர்வை இருக்கு, மார்பு கதகதன்னு இருக்கு, முதுகு மட்டும் ஐஸ். விடியும் வரை அவர் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால், கயிறு கடித்த இடத்தில் பலா மரம் பால் வடித்திருந்தது. அதைப் பார்த்ததுதான் எனக்கு அதிக சங்கடமா இருந்தது.

அதற்கப்புறம் படித்ததும், கட்டிக் கட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் குறிப்பு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது “எந்த ஹேமக் வாங்கலாம்?” என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் அந்த ராத்திரி என் துணி கிழியவில்லை. கெட்டதெல்லாம் துணியைச் சுற்றி இருந்த மற்ற விஷயங்கள்: கோணம், கயிறு, குளிர். கையில் இருக்கிற காசை எங்கே போடணும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

கோணம்: காசு செலவில்லாத முதல் விஷயம்

இரண்டு பேர் ஒரு கயிற்றின் நடுவில் தண்ணீர் வாளியை மாட்டிப் பிடித்துப் பாருங்கள். கயிறு நன்றாகத் தொய்ந்திருந்தால் சுலபமாகத் தூக்கலாம். அதையே நேர்கோடாக நிமிர்த்தப் பார்த்தால் கை கழன்று வந்துடும். வாளியின் எடை மாறவில்லை, கயிற்றின் கோணம்தான் மாறியது.

ஹேமக்கிலும் இதே கணக்குதான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் விழுகிற இழுவை, கயிறு கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இப்படி மாறும்:

- 45 டிகிரி: சுமார் 50 கிலோ
- 30 டிகிரி: 70 கிலோ
- 15 டிகிரி: சுமார் 135 கிலோ
- 10 டிகிரி: சுமார் 200 கிலோ
- 5 டிகிரி: சுமார் 400 கிலோ

நான் கட்டியது 10 டிகிரிக்குள்தான் இருந்திருக்கும். என் எடையைப் போல மூன்று மடங்கை ஒரு மெல்லிய கயிறும் ஒரு மரப்பட்டையும் தாங்கிக்கொண்டிருந்தன. முடிச்சு வழுக்காமல் வேறென்ன செய்யும்?

நினைவில் வைத்துக்கொள்ள ஒரே எண் 30 டிகிரி. அந்தக் கோணத்தில் ஒவ்வொரு பக்கத்து இழுவையும் உங்கள் எடைக்குச் சமம். அளக்கக் கருவி வேண்டாம். ஆள்காட்டி விரலை நீட்டி, கட்டைவிரலை மேலே தூக்கி, பிள்ளைகள் துப்பாக்கி காட்டுகிற மாதிரி கையை வைத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் தரைக்கு இணையாக இருக்கணும். கட்டைவிரல் நுனியிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி வரை போகிற சரிவு ஏறத்தாழ 30 டிகிரி. கயிறு அந்தச் சரிவில் இருந்தால் சரி.

தோப்புக்காரர் தூளியை ஞாபகப்படுத்தியது இதற்காகத்தான். தூளியில் சேலையின் இரண்டு முனையும் மேலே ஒரே இடத்தில் சேரும். இழுவை ஏறக்குறைய நேர் செங்குத்து. அதனால்தான் ஒரு பழைய பருத்திச் சேலையும் ஒரு உத்திரமும் குழந்தையைப் பல மாதம் தாங்குகின்றன. சாலை இல்லாத மலைக் கிராமங்களில் நோயாளியைத் தூக்கிவருகிற டோலியும் இதே குடும்பம்தான். துணியின் இரு முனையும் ஒரே கம்பில் கட்டியிருப்பதால், உள்நோக்கி இழுக்கிற விசையைக் கம்பே வாங்கிக்கொள்கிறது. தோளுக்கு வருவது எடை மட்டும். நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அதுதான் ஆம்புலன்ஸ். கட்டுகிற விதத்தில் அவர்கள் நம்மைவிடக் கவனமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

மரத்துக்கு மரம் கட்டும்போது அந்த உள்நோக்கிய இழுவையை மரம்தான் தாங்கணும். 30 டிகிரியிலேயே அது 70 கிலோ ஆளுக்கு ஒரு பக்கம் 60 கிலோ வரும். ஆகவே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டிக்கு எழுப்பிய செங்கல் தூண், கேட் தூண் எதிலும் கட்டாதீர்கள். மேலிருந்து வரும் எடையைத் தாங்கக் கட்டிய சுவர், பக்கவாட்டில் இழுத்தால் சரிந்து மேலேயே விழும். இது பயமுறுத்தலுக்காகச் சொல்வதில்லை.

துணி: நீளம் மட்டும் பாருங்கள்

துணியில் பார்க்க வேண்டியது நிறமோ பிராண்டோ இல்லை, நீளம். குறைந்தது 3 மீட்டர், அதாவது 10 அடி. அகலம் ஒன்றரை மீட்டருக்குக் கிட்ட. மலிவாகக் கிடைக்கிறவற்றில் பல 2.6, 2.7 மீட்டரோடு நின்றுவிடும். அதில் படுத்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையும்.

ஹேமக்கில் நேராகப் படுக்கவே கூடாது. தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் நகர்த்திக் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். அந்தக் குறுக்குக்கு இடம் வேண்டும் என்பதால்தான் நீளமும் அகலமும். கவிழ்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும் என்கிறவர்கள் வாங்குவதற்கு முன் யாரிடமாவது கடன் வாங்கி ஒரு மதியம் படுத்துப் பாருங்கள். அவர்களுக்கு இது ஒத்துவருவது கஷ்டம்.

ஒரு சின்ன உபாயம்: ஹேமக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து மேலே ஒரு நிரந்தரக் கயிறு கட்டிவிடுங்கள். அதன் நீளம் ஹேமக் நீளத்தில் சுமார் 83 சதவீதம். 3 மீட்டர் துணிக்கு இரண்டரை மீட்டர். மரங்களின் இடைவெளி எப்படி இருந்தாலும் துணியின் தொய்வு மாறாது. கண்ணாடி, டார்ச் மாட்டவும் ஆச்சு.

நாடா: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

மரத்தைச் சுற்றுவதற்குக் கயிறு கூடாது, பட்டை நாடாதான். குறைந்தது 25 மில்லிமீட்டர் அகலம், இன்னும் அகலமானால் நல்லது. விசை பரவலாக விழுவதால் பட்டை அறுபடாது, பால் வடியாது. பொருள் பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் எடை ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். படுக்கும்போது முழங்கால் உயரத்தில் இருந்தது விடியும்போது தரையில் இருக்கும். பாலிபுரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும்.

லாரியில் சரக்கு கட்டுகிற பெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். லாரி சாமான் விற்கிற கடையில் கேட்டால் கிடைக்கும். அதிலேயே தாங்கும் எடையும் அச்சிட்டிருக்கும். படுத்திருப்பவரின் எடையைப் போல ஐந்து மடங்காவது தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். பொத்தென்று உட்காரும்போது விழுகிற விசை, சும்மா படுத்திருக்கும்போது இருப்பதைவிட ரொம்ப அதிகம். சாவிக்கொத்தில் மாட்டுகிற கொக்கி, தொட்டில் ஸ்பிரிங், தொட்டில் கொக்கி இதெல்லாம் வேண்டாம். அவை குழந்தையின் எடைக்குச் செய்தவை. மலையேற்றக் கொக்கியில் ‘கிலோ நியூட்டன்’ கணக்கில் எண் பொறித்திருக்கும். ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ.

மரங்களுக்கு இடையே நாலரை மீட்டர், அதாவது சாதாரண நடையில் ஆறு எட்டு இருந்தால் சௌகரியம். அந்த இடைவெளிக்கு நாடாவைத் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் கட்டினால், நீங்கள் படுத்தபின் துணி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நாற்காலி மாதிரி நிற்கும். அதைவிட உயரமாகத் தொங்குவது வீரம் இல்லை. விழுந்தால் எலும்புதான் போகும்.

மரம் எது? புளி, பலா, மா எல்லாம் சரி. மாமரத்தில் முசுறு எறும்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கை வேண்டவே வேண்டாம், மளுக்கென்று முறியும். தென்னை தாங்கும், ஆனால் தலைக்கு மேல் காயும் மட்டையும் இருக்கும். பட்டுப்போன மரத்திலும், காய்ந்த கிளைக்குக் கீழேயும் எந்த மரமானாலும் கூடாது.

முதுகுக் குளிர்

போர்வையும் ரஜாயும் சூடு தருவதில்லை; தமக்குள் காற்றைப் பிடித்துவைத்து, நம் சூடு வெளியே போகாமல் தடுக்கின்றன. ஹேமக்கில் முதுகுக்குக் கீழே இருக்கிற போர்வை உடம்பு எடையில் நசுங்கிக் காற்றை இழந்துவிடும். கீழே தரையும் இல்லை, மலைக்காற்று நேராக வந்து முதுகைத் தடவிக்கொண்டே இருக்கும். அதனால் மேலே எத்தனை போர்வை போட்டாலும் பிரயோசனம் இல்லை.

மலிவான தீர்வு, நசுங்காத ஒன்றை அடியில் போடுவது. பேக்கிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபோம் ஷீட், 10 மில்லிமீட்டர் கனத்தில், உங்கள் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தோள்பட்டைக்குக் குறுக்காக இன்னொரு துண்டு. துணி வளைந்து தோளை அணைப்பதால் அங்கேதான் முதலில் குளிரும். கோரைப்பாய் தரைக்கு நல்லது, இங்கே வளையாமல் முரண்டு பிடிக்கும்.

இன்னொரு வழி, ஹேமக்கின் வெளியே, அடிப்பக்கமாக ஒரு பழைய ரஜாயைத் தொங்கவிடுவது. அது துணியை ஒட்டி இருக்கணும், ஆனால் நசுங்கக் கூடாது. நான்கு மூலையிலும் எலாஸ்டிக் கட்டினால் வேலை முடிந்தது. நடுவில் நாலு விரல் இடைவெளி விழுந்தாலும் காற்று புகுந்து எல்லாம் வீண்.

மழையும் கொசுவும்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 9×12 அடி தார்ப்பாய் போதும். 12 அடிப் பக்கத்தை ஹேமக்கின் நீளவாக்கில் போட்டால் இரண்டு முனையிலும் கிட்டத்தட்ட இரண்டடி கூடுதலாக மூடும். 120 ஜிஎஸ்எம் என்றால் எடை சுமார் 1.2 கிலோ. முதுகில் சுமந்து பல நாள் நடக்கிறவர்களுக்கு அதிகம். தோப்பில் ஒரு ராத்திரிக்கு ஒன்றுமில்லை.

மழைத்தண்ணீர் நாடா வழியாகவே வழிந்து படுக்கைக்குள் வரும். தார்ப்பாய்க்கு உள்பக்கம், நாடாவில் ஒரு துண்டுப் பருத்திக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கொசுவலையை மேல்கயிற்றில் போட்டு, அடிவரை மூடுகிற மாதிரி விடவேண்டும். மெல்லிய துணி வழியாக முதுகிலும் கொசு கடிக்கும்.

மூவாயிரத்தைப் பிரித்தால்

ஒருவரிடம் 3,000 ரூபாய்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படிப் பிரிப்பேன்: துணிக்கு 1,000, நாடாவுக்கும் கொக்கிக்கும் 800, தார்ப்பாய்க்கு 600, ஃபோம் ஷீட்டுக்கு 300, வலைக்கும் சில்லறைக் கயிறுகளுக்கும் மீதி 300. காசு குறைந்தால் மழையில்லாத மாதமாகப் பார்த்துப் போய் தார்ப்பாயை விட்டுவிடலாம். நாடாவையும் ஃபோமையும் விடக் கூடாது. முதல் தடவை நான் அந்த இரண்டையும்தான் விட்டிருந்தேன்.

எங்கே கட்டலாம்

கல்வராயனில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே இரவு தங்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. ஆளில்லாத அருவிக்கரையில் இரண்டு மரத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும், தெரியும். மேகம் அருவியோ பெரியார் அருவியோ, பார்த்துவிட்டு வந்துடுங்க. படுப்பதற்கு ஊர்க்காரர் ஒருவருடைய தோப்பைக் கேளுங்கள். பக்கத்தில் ஒரு வீடும், அந்த வீட்டில் ஒரு அடுப்பும் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரண்டரை மணிக்குத்தான் தெரியும்.

மலைக்குப் போகும் முன் ஊரிலேயே ஒரு ராத்திரி முழுக்கப் படுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஆடிப் பார்ப்பது கணக்கில்லை. முடிச்சு வழுக்குவதும் நாடா நீள்வதும் விடிகாலையில்தான் தெரியவரும். அங்கே என்றால் எழுந்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கலாம்.

மாசியில் அதே தோப்புக்குத் திரும்பப் போனேன். இந்தத் தடவை நாடாவை மரத்தில் சுற்றும்போது தோப்புக்காரர் பக்கத்தில் நின்று, கயிற்றை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். “இப்பத்தான் தூளி” என்றார். காலையில் எழுந்ததும் முதலில் மரத்தைப் போய்ப் பார்த்தேன். நாடா சுற்றிய இடம் கொஞ்சம் பளபளப்பா இருந்தது, அவ்வளவுதான்.